பாட்டா, லோடிங் ஸ்க்ரீனா?

அண்ணா வணக்கம்,

டஞ்சன் சிந்த், அதான் கீபோர்டை வச்சே பழங்காலக் கோட்டை, காடுன்னு கற்பனை பண்ற இசை, அதைப் பத்தி நீங்க எழுதினதைப் படிச்சிட்டு மோர்ட்டிஸோட முதல் ஆல்பத்தைத் தேடிக் கேட்டேன். உண்மையைச் சொன்னா ஏமாந்துட்டேன். மொத்தமே ரெண்டு டிராக், அம்பது நிமிஷத்துக்கு மேல ஓடுது, ஒண்ணுமே நடக்க மாட்டேங்குது. பழைய வீடியோ கேம் லோடிங் ஸ்க்ரீன்ல உக்காந்திருக்கிற மாதிரி இருந்துச்சு. கோரஸ் எல்லாம் அப்பட்டமா கீபோர்டுன்னு தெரியுது. கோட்டை, காடுன்னு எழுதினீங்களே, அதெல்லாம் எங்க இருக்கு? நான்தான் எதையாவது மிஸ் பண்றேனா?

எஸ்.

எஸ்.,

லோடிங் ஸ்க்ரீன்னு திட்டினீங்க பாருங்க, சிரிச்சிட்டேன், ஆனா பாதி பதில் அதுலயே இருக்கு. கதவு இன்னும் திறக்கல, உள்ள என்ன இருக்கும்னு மனசு பாட்டுக்கு கட்ட ஆரம்பிச்சிடும் இல்லையா, இந்த இசை அந்த வாசல்லயே நிக்கிற இசை.

தொண்ணூறுகளோட தொடக்கத்துல நார்வேல பிளாக் மெட்டல்னு முரட்டு ராக் வாசிச்ச பேண்டுகளோட டெமோக்கள்ல, அதாவது ஆல்பத்துக்கு முன்னாடி போடுற மாதிரிப் பதிவுகள்ல, முதல் பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு ரெண்டு நிமிஷம் கீபோர்டு மட்டும் வரும், அப்புறம் கிடார் வந்து கொளுத்தும். எம்பரர்ங்கிற அந்த மாதிரி ஒரு பேண்டுல பேஸ் கிடார் வாசிச்சிட்டிருந்த மோர்ட்டிஸ் வெளிய வந்து அந்த இன்ட்ரோவை மட்டும் ஒரு முழு ஆல்பமா இழுத்துட்டார், 1994ல. தலைப்புக்கு ‘ஆளப் பிறந்தவன்’னு அர்த்தம். நீங்க கிடார் எப்ப வரும்னு காத்திருந்திருப்பீங்க. வராது. நானும் முதல் தடவை பாதியில தூங்கிட்டேன், முழிச்சுப் பார்த்தா அதே மெட்டுதான் ஓடிட்டிருக்கு.

கோரஸ் பொய்தான், ஒத்துக்கிறேன். ஆனா அந்தப் பொய்யை ஹெட்ஃபோன் போட்டு ஒரு தடவை கிட்டப் போய்க் கேளுங்க. அந்தக் காலத்து கீபோர்டுல மெமரி ரொம்பக் கம்மி, அதனால ‘ஆ’ன்னு பாடின குரல்ல ஒரு துளியை மட்டும் வச்சுக்கிட்டு, நாம விரலை எடுக்கிற வரைக்கும் அதையே சுத்திச் சுத்தி ஓட்டும். ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கிற இடத்துல அந்தச் சுத்து ஒரு சின்ன நடுக்கமா காதுல படும். மூச்சே வாங்காத பாடகர்கள். இடிஞ்ச கோட்டையில வேற யார் பாடுவாங்கன்னு நினைக்கிறீங்க?

அப்புறம் கீபோர்டுல வர்ற அந்த ஸ்ட்ரிங்ஸ் சத்தம், அதான் வயலின் கூட்டம் மாதிரி வர்றது, கீயை அழுத்தினதும் வராது, மெதுவா பெருகித்தான் வரும், வேகமா வாசிச்சா ஒரு ஸ்வரமும் முழுசா எழுந்திருக்காது, வாசிக்கிறவர் நிதானமாகித்தான் ஆகணும். அந்த ஊர்வல நடை பாதி இதனாலதான் வந்துச்சுன்னு எனக்கு ஒரு எண்ணம். பல ஆல்பத்துல ஸ்கேல் நம்ம நடபைரவி ராகம் மாதிரிதான் இருக்கும், ஆனா கமகம் சுத்தமா கிடையாது, ஒவ்வொரு ஸ்வரமும் நட்டு வச்ச கல்லு மாதிரி நிக்கும்.

இந்த எளிமையையே சாக்கா வச்சு கீபோர்டுல ரெண்டு கார்டை (chord) பிடிச்சு, மேல பழைய காசெட் இரைச்சலை கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர்ல தூவி, அட்டையில கறுப்பு வெள்ளையில ஒரு கோட்டையைப் போட்டு விக்கிறவங்களும் நிறைய இருக்காங்க. 2011 வாக்குல டஞ்சன் சிந்த்ங்கிற பேர் நிலைச்ச பிறகு இது ரொம்பவே கூடிப்போச்சு. அதைக் கேட்டுட்டுத் திட்டியிருந்தா நான் உங்க கட்சி.

உங்களை நேரா அந்த முதல் ஆல்பத்துல இறக்கிவிட்டது என் தப்புதான். அதே ஆளோட 1996 ஆல்பம் ‘கிரிப்ட் ஆஃப் த விசார்ட்’ கேளுங்க, டிராக் எல்லாம் சின்னது, மெட்டும் சட்டுனு பிடிபடும். இருட்டே வேணாம்னா ஃபீஃப்னு அமெரிக்காவுல ஒருத்தர் தனியா பண்றார், புல்லாங்குழல், ஹார்ப்சிகார்டு மாதிரி சத்தமெல்லாம் வச்சு, கோட்டைக்கு வெளிய வெயில்ல நடக்கிற மாதிரி இருக்கும். அதுவும் பிடிக்கலேன்னா தாராளமா விட்டுடுங்க. பிடிச்சா திரும்ப அந்த 1994 ஆல்பத்துக்கு வாங்க, ஆனா இந்தத் தடவை ரெண்டாவது டிராக்ல இருந்து ஆரம்பிங்க.