மருத்துவமனைக்கு மட்டும் ஏன் இவ்வளவு கம்பி?

ஒரே தெரு, ஒரே மண். பக்கத்து வீட்டைவிட மருத்துவமனையையும் பள்ளியையும் ஏன் கூடுதல் வலுவோடு கட்டுகிறார்கள்? காரணம் 'முக்கியத்துவக் காரணி' என்ற ஓர் எண். நிலநடுக்க விசையைக் கணக்கிடும்போது அந்த எண்ணாலும் பெருக்குவார்கள். நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டட வடிவமைப்புக்கான இந்திய விதிநூலான ஐஎஸ் 1893-இன் 2016 பதிப்பில் சாதாரண வீட்டுக்கு அது 1. மருத்துவமனை, பள்ளி, பெரிய கூட்ட அரங்குகளுக்கு 1.5.

துணி காயப்போட எந்தக் கயிறும் போதும். தூளி கட்டும்போது மட்டும் இழுத்து இழுத்துப் பார்க்கிறோம். குழந்தையின் எடை ஈரத்துணியைவிடக் குறைவாகக்கூட இருக்கும், ஆனால் அறுந்தால் போவது துணி அல்ல. அப்புறம், மருத்துவமனை நிலநடுக்கத்துக்கு மறுநாளும் இயங்கியாக வேண்டும். 2001 ஜனவரி 26 அன்று குஜராத் நிலநடுக்கத்தில் புஜ் நகரின் அரசு மருத்துவமனையே இடிந்தது. காயம்பட்டவர்களுக்குத் திறந்தவெளியில் சிகிச்சை தர வேண்டியிருந்தது.

1.5 என்று போட்டுவிட்டால் கட்டடத்துக்கு ஒன்றும் ஆகாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பியின் முனையை 135 பாகைக்கு உள்நோக்கி மடக்காமல் 90-லேயே விட்டால், பலமாகக் குலுங்கும்போது ரிங் பிரிந்து, நெடுங்கம்பிகள் வெளியே பிதுங்கிவிடும்.