போலோவைக் கொடுத்துட்டு எக்ஸ்யூவி எடுத்த கதை: கேளுங்க, சொல்றேன்

எட்டு வருஷம் ஃபோக்ஸ்வேகனோட சின்ன காரான போலோ ஜிடி டிஎஸ்ஐ ஓட்டினேன். ரெண்டாவது குழந்தை பிறந்ததும் அதை வித்துட்டு மஹிந்திராவோட ஏழு சீட் எஸ்யூவி, எக்ஸ்யூவி 700 பெட்ரோல் ஆட்டோமேட்டிக் எடுத்தேன். மூணு வருஷமாச்சு. அதே யோசனையில பல ஊர்ல இருந்து கேட்டவங்களுக்கு என் அனுபவத்துல இருந்து பதில்.

கோவை: அண்ணா, போலோ 105 குதிரைத்திறன், இது 200. அப்போ ரெண்டு மடங்கு வேகமா?

அந்தக் கணக்குல ஏமாந்துடாதீங்க தம்பி. போலோ எடை 1,100 கிலோ சொச்சம், இது 1,800 பக்கம். டன்னுக்கு எத்தனை குதிரைத்திறன்னு வகுத்தா போலோவுக்கு 95, இதுக்கு 110, அவ்வளவுதான். நேர் ரோட்டுல குறையே இல்ல. 380 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுக்கிற சக்தி, இருக்கிறதால ஆறு பேர் உட்கார்ந்திருந்தாலும் லாரியைத் தாண்டுறது ஒரு மூச்சுதான்.

மலையில கதை வேற. வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. முதல் தடவை பழைய பழக்கத்துல போலோ மாதிரியே திருப்பினேன். ஒன்பதாவது வளைவு வரும்போது வீட்டுக்காரம்மா மேல் கைப்பிடியை ரெண்டு கையாலும் பிடிச்சிருந்தாங்க. பின்னாலிருந்து பெரியவ, "அப்பா, வாந்தி வருது"ன்னா. உயரமான வண்டி சாயத்தான் செய்யும். இப்போ வளைவுக்கு முன்னாடியே பிரேக்கை முடிச்சுட்டு, ஸ்டியரிங்கைச் சீரா ஒரே தடவை திருப்புறேன். இறங்கும்போது கியரை மேனுவல்ல ரெண்டுல வெச்சுடுவேன். 1,800 கிலோவை பிரேக் மட்டுமே தாங்கிக்கிட்டு இறங்கினா சூடேறிப் பிடிக்காமப் போயிடும்.

மதுரை: பெட்ரோலா, டீசலா?

ஸ்கூல், ஆபீஸ், மார்க்கெட்னு தினம் அஞ்சாறு கிலோமீட்டர்தான் ஓட்டம்னா டீசல் வேண்டாம். புகை வடிகட்டியில கரி சேரும். அது எரிஞ்சு சுத்தமாக நல்ல சூடும் நீண்ட ஓட்டமும் வேணும். வாராவாரம் பைபாஸ்ல ஊருக்குப் போறவர்னா யோசிக்காம டீசல் எடுங்க, ஆட்டோமேட்டிக்ல 450 நியூட்டன் மீட்டர் வருது. என் பெட்ரோல் வண்டி சிட்டியில லிட்டருக்கு எட்டு, ஒன்பது கிலோமீட்டருக்கு மேல தர்றதில்ல. பங்க்ல என்னைப் பார்த்தாலே நல்லா இருக்கீங்களான்னு விசாரிக்கிற அளவுக்குப் பழக்கமாயிட்டாங்க.

திருச்சி: அப்பா அம்மாவும் கூட வருவாங்க. ஏழு சீட் போதுமா சார்?

மூணாவது வரிசை பிள்ளைங்களுக்குத்தான். பெரியவங்களை அங்க ஏத்தினா முழங்கால் நெஞ்சுக்கு வரும். அந்த வரிசையை நிமிர்த்தி வெச்சா டிக்கி வெறும் 240 லிட்டர், ரெண்டு சின்னப் பெட்டியோட சரி.

இன்னொன்னு, யாரும் சொல்ல மாட்டாங்க. பின்னால ஏற வழி விடுறது நடு வரிசையோட இடது சீட்தான். குழந்தை சீட்டை அங்க மாட்டிட்டா அது மடங்காது, பின்வரிசைக்குப் போற வழி அடைஞ்சுடும். நான் ரெண்டு மாசம் கழட்டி மாட்டிக் கையைக் கீறிக்கிட்ட பிறகுதான் வலது பக்கம் மாத்தினேன். அந்தப் பக்கம் டிராஃபிக் இருக்கும்கிறதால சைல்டு லாக் எப்பவும் போட்டே இருக்கும்.

சேலம்: இதுக்குப் பதிலா மஹிந்திராவோட ஸ்கார்பியோ-என் எடுக்கலாமா?

தோட்டம், மண் ரோடு இருந்தா எடுங்க. அது சேஸிஸ் மேல பாடி உட்கார்ற வண்டி, உழைக்கும். கார்ல இருந்து மாறுறவங்க வீட்டுல குலுக்கலுக்குத் திட்டு விழும்.

சென்னை: பழைய வண்டியை எக்ஸ்சேஞ்ச்ல கொடுக்கலாமா அண்ணா?

கொடுக்கலாம்மா, ஆனா வெளியில ரெண்டு இடத்துல விலை கேட்டுட்டுப் போங்க. பேர் மாத்துற ஃபார்ம் 29, 30-ல கையெழுத்துப் போட்டதோட விடாம, ஆர்சி பேர் மாறின நகலை வாங்கி வைங்க. பழைய வண்டியோட ஃபாஸ்டேக் கணக்கை மூடிடுங்க. இன்சூரன்ஸ்ல சேர்ந்த நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் பண்ணாததுக்குக் கிடைக்கிற பிரீமியத் தள்ளுபடி, உங்களுது, வண்டியோடது இல்ல. அஞ்சு வருஷம் கிளெய்ம் இல்லாட்டி 50 சதவீதம், அதைப் புது வண்டிக்கு மாத்திக்கலாம். தமிழ்நாட்டுல வண்டி விலை 20 லட்சத்தைத் தாண்டினா சாலை வரி 18-லிருந்து 20 சதவீதமாகும். ஒரு சன்ரூஃபுக்காக அந்தக் கோட்டைத் தாண்டுறீங்களான்னு பார்த்துக்குங்க.

ஈரோடு: போலோ ஞாபகம் வருமா?

போன மாசம் சிக்னல்ல நின்னப்போ பெரியவ கத்தினா: "அப்பா, நம்ம கார்!" நம்பரைப் பார்த்தேன், அதேதான். காலேஜ் பையன் ஒருத்தன் ஓட்டிட்டிருந்தான். பின் கண்ணாடியில நாங்க ஒட்டின பட்டாம்பூச்சி ஸ்டிக்கரை அவன் இன்னும் கிழிக்கல. பச்சை விழுந்ததும் சர்ருன்னு போயிட்டான்.