உயிருடன் அடக்கம் செய்துவிடுவார்களோ என்ற அச்சம்: மருத்துவர் பதில்

கேள்வி: எனக்கு வயது 67. பாளையங்கோட்டையில் மகன் வீட்டில் இருக்கிறேன். பல வருடங்களாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். அந்தக் காலத்து ஐரோப்பாவில் மணி கட்டிய சவப்பெட்டிகள் செய்தார்கள் என்று ஒரு கட்டுரையில் படித்ததிலிருந்து, செத்துவிட்டதாக நினைத்து என்னையும் உயிரோடு பெட்டியில் வைத்து மூடிவிடுவார்களோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. விடியற்காலையில் விழிப்பு வந்தும் கை கால் அசையாமல், குரலும் எழும்பாமல் சில தடவை கிடந்திருக்கிறேன். அந்த நேரத்தில் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்? மூன்று நாள் வைத்திருந்துதான் அடக்கம் செய்ய வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொன்னேன், சிரிக்கிறார்கள். நான் கேட்டது தவறா, டாக்டர்?

பதில்: தவறே இல்லை, அம்மா. நீங்கள் பிள்ளைகளிடம் சொன்ன அதே சொல்லை அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன், 1799 டிசம்பர் 14 அன்று உயிர் பிரிவதற்குச் சற்று முன் தம் செயலாளரை அழைத்துச் சொன்னார். இறந்து மூன்று நாள் ஆகாமல் தம் உடலைக் கல்லறைக்குள் வைக்கக்கூடாது என்பதே அவர் கேட்ட உறுதி. 1849-இல் பாரிஸில் இறந்த இசையமைப்பாளர் ஷோப்பான், உயிரோடு புதைபட்டுவிடாதபடி தம் உடலைத் திறந்து பார்த்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஆல்ஃபிரட் நோபல் 1895-இல் எழுதிய உயிலில், தாம் இறந்தபின் நாளங்களை அறுக்க வேண்டும் என்றும், தேர்ந்த மருத்துவர்கள் மரணத்தை உறுதி செய்த பிறகே உடலை எரிக்க வேண்டும் என்றும் குறித்துவைத்தார். அறிவும் வசதியும் நிறைந்த இவர்களே இப்படிக் கேட்டார்கள் என்றால், உங்கள் பிள்ளைகள் சிரிப்பதற்கு இதில் ஒன்றுமில்லை.

அந்த அச்சத்துக்கு அன்றைக்குக் காரணம் இருந்தது. மூக்கருகே கண்ணாடியைப் பிடித்து ஆவி படிகிறதா என்று பார்ப்பதும், உதட்டின் மேல் இறகை வைத்து அது அசைகிறதா என்று பார்ப்பதும், மணிக்கட்டில் நாடி தேடுவதும்தான் அக்கால மருத்துவரிடம் இருந்த சோதனைகள். பாரிஸில் உடற்கூறு கற்பித்த வின்ஸ்லோ என்ற மருத்துவர், உடல் அழுகத் தொடங்குவதைத் தவிர மரணத்துக்கு ஐயமற்ற அடையாளம் வேறில்லை என்ற கருத்தை 1740-இல் முன்வைத்தார். புருயே என்ற இன்னொரு மருத்துவர் அதைப் பிரெஞ்சில் விரித்து எழுதி, கல்லறையில் விழித்தவர்களைப் பற்றிய கதைகளையும் ஏராளமாகச் சேர்த்தபோது, மருத்துவர்களுக்குள் இருந்த ஐயம் ஊர் முழுவதற்கும் பீதியாகிவிட்டது. பின்னர் காலரா வந்தது. தொற்றுக்குப் பயந்து, மூச்சு நின்றதாகத் தோன்றிய சில மணி நேரத்துக்குள் உடல்கள் புதைக்கப்பட்ட காலத்தில், அந்தப் பீதி தணிய வழியே இல்லாமல் போயிற்று.

நீங்கள் படித்த பெட்டிகள் இந்தச் சூழலில்தான் வந்தன. ஜெர்மனியின் பிரன்ஸ்விக் கோமகன் ஃபெர்டினாண்ட் 1792-இல் தமக்காகச் செய்வித்த பெட்டியில் வெளிச்சத்துக்கு ஒரு சன்னலும் காற்றுக்கு ஒரு குழாயும் இருந்தன. மூடியை ஆணி அடித்து இறுக்காமல் பூட்டுப் போட்டு, பெட்டிக்கு ஒன்றும் கல்லறைக் கதவுக்கு ஒன்றுமாக இரண்டு சாவிகளை அவருடைய சவ உடையின் பையிலேயே வைக்க ஏற்பாடு. 1829-இல் டாபெர்கர் என்ற ஜெர்மானிய மருத்துவர் வகுத்த முறையில், இறந்தவரின் தலை, கை, கால்களில் கட்டிய கயிறுகள் மண்ணுக்கு மேலே நிற்கும் ஒரு மணியோடு இணைந்திருந்தன. காற்றில் தானாக ஆடிவிடாதபடி மணிக்கு ஒரு கூடு உண்டு. மணி ஒலித்தால் இடுகாட்டுக் காவலர் ஓடிவந்து துருத்தியால் உள்ளே காற்றை அடிக்க வேண்டும். இவை எல்லாவற்றிலும் நுட்பமானது, ரஷ்யப் பேரரசரின் அரண்மனையில் பதவி வகித்த கார்னிஸ்-கார்னிட்ஸ்கி பிரபு 1897-இல் காட்சிக்கு வைத்த கருவி. சடலத்தின் மார்பின் மேல் ஒரு கண்ணாடி உருண்டை தொட்டும் தொடாமலும் நிற்கும். மார்பு சற்றே உயர்ந்தாலும் அதோடு சேர்ந்த சுருள்வில் விடுபட்டு, மேலே உள்ள பெட்டி திறந்து குழாய் வழியாகக் காற்றும் வெளிச்சமும் உள்ளே இறங்கும், ஒரு கொடி உயரும், மணி அடிக்கும்.

அந்தக் கருவியின் குறை எங்கே இருந்தது என்று பார்த்தால் உங்கள் பயத்தின் பெரும்பகுதிக்கு விடை கிடைக்கும். இறந்த உடல் அசையாமல் கிடப்பதில்லை. குடலில் வாழும் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் வாயுவால் வயிறு உப்பும். அந்த அழுத்தத்தில் மார்புக்கூடு உயரும், கைகள் இடம் மாறும், நுரையீரலிலிருந்து செந்நிற நீர் வாய்வழியாக வெளியேறும், சில நேரங்களில் முனகல் போன்ற ஓசைகூட எழும். மார்பின் மேல் உருண்டையை வைத்தால் இந்த உப்பலுக்கும் அது எழும்பத்தான் செய்யும். தோண்டிய பெட்டியில் உடல் புரண்டு கிடந்தது, வாயில் இரத்தம் இருந்தது, நகம் வளர்ந்திருந்தது என்று அக்காலத்தில் சொல்லப்பட்டவற்றுள் மிகுதியானவை இந்த மாற்றங்களே. நகம் வளர்வதில்லை, விரல் நுனித் தோல் உலர்ந்து பின்வாங்குவதால் நீண்டதுபோல் தெரிகிறது. இத்தனை கருவிகளில் ஏதேனும் ஒன்றால் ஒருவராவது காப்பாற்றப்பட்டார் என்பதற்கு நம்பத்தக்க பதிவு இல்லை.

அதே ஜெர்மனியில் ஹூஃபெலாண்ட் என்ற மருத்துவரின் முயற்சியால் 1790-களின் தொடக்கத்தில் வைமார் நகரில் ஒரு காத்திருப்புப் பிணவறை எழுந்தது. பிறகு மியூனிக் முதலான நகரங்களிலும் இப்படிப்பட்டவை அமைந்தன. அங்கே உடல்களைக் கிடத்தி, விரலில் வளையம் மாட்டி, அதிலிருந்து காவலர் அறையின் மணிக்குக் கம்பி இழுத்து, அழுகலின் அடையாளம் தெரியும்வரை காத்திருந்தார்கள். அவர்கள் நம்பிய கம்பியும் மணியும் பயன்படவில்லை என்றாலும், மரணம் உடலில் எழுதும் அடையாளங்களுக்காகப் பொறுத்திருந்தது சரியான மருத்துவம் என்பதே என் எண்ணம்.

கேள்வியைத் தீர்த்து வைத்தது ஸ்டெதஸ்கோப். 1816-இல் லானெக் அதைக் கண்டுபிடித்த பிறகு, புஷூ என்ற இளம் பிரெஞ்சு மருத்துவர், இரண்டு நிமிடம் தொடர்ந்து கேட்டும் இதய ஒலி இல்லையென்றால் அதையே மரணத்தின் அடையாளமாகக் கொள்ளலாம் என்று வாதிட்டார். மரணத்தை நிச்சயிக்கும் முறைக்காக ஏற்படுத்தப்பட்டிருந்த பரிசைப் பாரிஸ் அறிவியல் கழகம் 1848-இல் அவருக்கு வழங்கியது. பெட்டிக்குள் மணி கட்டுவதை விட்டுவிட்டு, பெட்டிக்கு வரும் முன்பே மார்பில் காதை வைத்துக் கேட்கச் சொன்ன அந்த வழியில்தான் இன்றைக்கும் நடக்கிறோம்.

இன்று முறையாகச் செய்யும் மருத்துவர் என்ன செய்கிறார் என்று சொல்கிறேன். கழுத்துத் தமனியில் விரல் வைத்து நாடியும், மார்பில் இதய ஒலியும், மூச்சின் அசைவும் ஒலியும் இல்லை என்பதைக் குறைந்தது ஐந்து நிமிடமாவது தொடர்ந்து கவனிக்க வேண்டும். பிரிட்டன் மருத்துவக் கல்லூரிகளின் 2008-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் இந்த அளவையே சொல்கிறது. அதன்பின் கண்ணில் விளக்கடித்துப் பாவை சுருங்குகிறதா, கருவிழியைப் பஞ்சால் தொட்டால் இமை துடிக்கிறதா, புருவ எலும்பின் கீழ் அழுத்தினால் முகம் சுளிக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈ.சி.ஜி. இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளலாம். இதய இயக்க மீட்புச் சிகிச்சையை நிறுத்திய பிறகு, அரிதாகச் சிலருக்குச் சில நிமிடங்களில் இதயம் தானாகவே மீண்டும் துடித்தது 1982 முதல் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருப்பதால், அப்படிப்பட்டவர்களைப் பத்து நிமிடமாவது கண்காணித்துவிட்டுத்தான் இறப்பை அறிவிக்க வேண்டும்.

தவறு நேர்வது இந்த ஐந்து நிமிடம் கொடுக்கப்படாத இடங்களில். இரவில் தரையில் படுத்திருந்தவரைக் கட்டுவிரியன் தீண்டியிருந்தால் பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடிவதற்குள் இமை சரிந்து, நாக்கு தடித்து, தசையெல்லாம் செயலிழந்து, கண்பாவை விரிந்து ஒளிக்கும் அசையாமல் கிடப்பார். பார்ப்பவருக்கு அது பிணம். ஆனால் நாடி இருக்கும், பல நேரங்களில் நினைவும் இருக்கும். செயற்கைச் சுவாசம் கொடுத்து நஞ்சுமுறி மருந்து ஏற்றினால் அவர் எழுந்து நடந்து வீட்டுக்குப் போவார். அளவுக்கு மீறித் தூக்க மாத்திரை விழுங்கியவர், மின்சாரம் தாக்கியவர், நீரில் மூழ்கியவர் ஆகியோரையும் வீட்டில் இருப்பவர்கள் தாமே பார்த்து முடிவு கட்டிவிடக்கூடாது. நார்வேயில் 1999-இல் பனிநீருக்குள் சிக்கிய ஒரு பெண் மருத்துவரின் உடல் வெப்பம் 13.7 டிகிரி செல்சியஸ் வரை இறங்கி இதயமும் நின்றுபோயிருந்தது. மணிக்கணக்கில் போராடி மீட்டார்கள், அவர் பிழைத்து மீண்டும் பணிக்குத் திரும்பினார். உங்களைப் போல் சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களுக்கு இரத்தச் சர்க்கரை மிகத் தாழ்ந்தால் உடல் சில்லிட்டு வியர்த்து நினைவிழப்பது உண்டு. ஆகவே அசைவற்றுக் கிடக்கும் எவரைக் கண்டாலும் முதல் வேலை 108-ஐ அழைப்பதும், மூச்சு இல்லையென்றால் மார்பை அழுத்தத் தொடங்குவதும்தான். உயிரோடு புதைபடுவதைவிட, காப்பாற்றக்கூடிய ஒருவருக்கு யாரும் முயலாமல் விட்டுவிடுவதே நம் ஊரில் நான் உண்மையாக அஞ்சும் ஆபத்து.

மூளைச்சாவைப் பற்றியும் உங்களுக்குக் கலக்கம் இருக்கலாம் என்பதால் ஒரு வார்த்தை. நம் நாட்டில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்த பிறகே அதை அறிவிக்க முடியும்.

நம் காலத்துக்கு உரிய இன்னொரு பெட்டியை நீங்கள் குறிப்பிடவில்லை. நான் சொல்லியாக வேண்டும். 2020 அக்டோபரில் சேலத்தில், இறந்துவிட்டார் அல்லது இறந்துகொண்டிருக்கிறார் என்று கருதி வீட்டார் வாடகைக் குளிர்பெட்டிக்குள் வைத்த ஒரு முதியவர், பெட்டியைத் திரும்ப எடுக்க வந்த பணியாளரின் கண்ணில் உயிரோடு தென்பட்டார். மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவர் சில நாட்களில் இறந்துபோனார். அவர் இறந்ததாக எந்த மருத்துவரும் சான்று அளித்திருக்கவில்லை. குளிர்பெட்டி, பிழைக்க வாய்ப்புள்ளவரைக் கொல்லக்கூடியது. உண்மையாக இறந்தவரிடம் தோன்ற வேண்டிய அடையாளங்களையும் தாமதப்படுத்துவது. எனவே மருத்துவர் பார்க்கும் முன் ஒருவரையும் அதற்குள் வைக்கக்கூடாது. நேரில் வந்து தொட்டுப் பார்க்காமல் பழைய மருந்துச் சீட்டை வைத்துச் சான்று எழுதுவதை என்னால் ஏற்க முடியாது. அப்படி எழுதித் தர யாரேனும் முன்வந்தாலும் வீட்டார் ஒப்புக்கொள்ளக்கூடாது.

மூன்று நாள் தேவையா என்று கேட்டீர்கள். நம் வெப்பத்தில் தேவையில்லை. உயிர் பிரிந்து ஓரிரு மணி நேரத்தில் இமையும் தாடையும் விறைக்கத் தொடங்கும். வாய்க்கட்டு கட்டும் பெரியவர்கள் காலம் தாழ்த்தாமல் கட்டுவதற்குக் காரணம் அதுதான். அதே வேளையில் இரத்தம் கீழ்ப்பக்கம் தேங்கி, படுத்திருக்கும் முதுகில் கருஞ்சிவப்புத் திட்டுகள் படியும். சில மணி நேரம் சென்றால் விரலால் அழுத்தினாலும் அந்த நிறம் மாறாது. பன்னிரண்டு மணி நேரத்துக்குள் உடல் முழுவதும் விறைத்திருக்கும். விறைப்பும் இந்தத் திட்டுகளும் சேர்ந்து தோன்றிய உடலில் உயிர் திரும்புவதில்லை. மருத்துவர் ஒருமுறை முறையாகச் சோதித்து, வீட்டார் இந்த அடையாளங்களையும் கண்ணால் பார்த்துவிட்டால், அன்றே அடக்க ஆராதனை நடத்துவதில் மருத்துவ ரீதியாக எந்த ஐயமும் இல்லை. கண்தானம் செய்ய விருப்பமிருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் கண் வங்கியினர் வர வேண்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, விடியற்காலையில் உங்களுக்கு நேர்வது. ஊரில் அமுக்குவான் பேய் என்பார்கள்; மருத்துவத்தில் அது உறக்க முடக்கம். கனவு காணும் உறக்கத்தில், கனவில் ஓடுவதற்கெல்லாம் உடலும் ஓடிவிடாதபடி மூளை தசைகளைத் தளர்த்தி வைத்திருக்கிறது. அந்தத் தளர்வு நீங்கும் முன் விழிப்பு முந்திக்கொண்டால் சில விநாடிகளோ ஓரிரு நிமிடமோ அசைய முடியாது. அப்போதும் மூச்சு சீராக ஓடும், நெஞ்சு படபடக்கும், உடல் வெதுவெதுப்பாக இருக்கும், கண்மணிகள் அசையும். எந்த மருத்துவரும், ஏன், பக்கத்தில் படுத்திருக்கும் பேரப்பிள்ளைகூட, அதை மரணம் என்று எண்ண முடியாது. மல்லாந்து படுப்பதைத் தவிர்த்து ஒருக்களித்துப் படுங்கள். உறங்கும் நேரத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிலை வரும்போது கூச்சலிட முயலாமல் ஒரு விரல் நுனியை மட்டும் அசைக்கப் பாருங்கள். உரத்த குறட்டையோ பகல் உறக்கமோ இருந்தால் உறக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று சோதித்துக்கொள்வது நல்லது. அதிகாலையில் வியர்வையும் நடுக்கமும் சேர்ந்து வந்தால் உடனே சர்க்கரை அளவைப் பாருங்கள்.

பகலிலும் இந்த எண்ணமே சுற்றிச் சுற்றி வந்து, உறக்கமும் உணவும் கெட்டு, மூடிய அறையில் இருக்கவே முடியாமல் போனால் அது சிகிச்சைக்குரிய அச்ச நோய்; அச்சத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்கும் உளவியல் சிகிச்சையால் நன்றாகக் குணமாகும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு மகனோடு செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசவும் செய்யலாம். அதற்கு முன் ஒரு வெள்ளைத்தாளில், மருத்துவர் நேரில் வந்து ஐந்து நிமிடம் சோதித்து உறுதி சொல்லும்வரை என்னைக் குளிர்பெட்டியிலோ சவப்பெட்டியிலோ வைக்கக்கூடாது என்று எழுதிக் கையொப்பமிட்டு மகனிடம் கொடுங்கள். இந்தப் பதிலையும் அவரிடம் காட்டுங்கள்.