ஆளுமைக் கோளாறு: ‘பிறவிக் குணம்’ என்று விட்டுவிடலாமா?

கேள்வி: என் மகளுக்கு 22 வயது. நெருங்கிய தோழி ஒருமுறை போனை எடுக்காவிட்டால், தன்னைக் கைவிட்டுவிட்டாள் என்று அழுது தீர்க்கிறாள். மறுநாளே அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறாள். கோபம் தலைக்கேறினால் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிறாள். முதலில் பார்த்த மருத்துவர் பைபோலார் (மிகை உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய்) என்றார். இப்போது பார்ப்பவர் பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு என்கிறார். யார் சொல்வது சரி? உறவினர்களோ, ‘அது பிறவிக் குணம், மாறாது’ என்கிறார்கள்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர்

பதில்: மாறும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ‘பிறவிக் குணம்’ என்று பேசிப் பேசியே சிகிச்சையின் பக்கம் வராமல் போனவர்கள் ஏராளம்.

சந்தேகமும் கோபமும் பிடிவாதமும் எல்லோரிடமும் உண்டு. அவை பதின்ம வயதிலோ இளமையின் தொடக்கத்திலோ வேரூன்றி, வீடு, வேலை, நட்பு என எங்கு போனாலும் ஒரே விதமாக வெளிப்பட்டு, அவருடைய வாழ்க்கையையோ உடனிருப்பவர்களின் வாழ்க்கையையோ நிலைகுலையச் செய்யும்போதுதான் அதை ஆளுமைக் கோளாறு என்கிறோம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு இதில் 10 வகைகளை மூன்று பிரிவுகளாகத் தொகுக்கிறது: அளவுகடந்த சந்தேகமும் ஒதுக்கமும் கொண்டவை ஒரு பிரிவு, உணர்ச்சிக் கொந்தளிப்பு மிகுந்தவை இன்னொன்று, பயமும் பதற்றமும் மேலோங்கியவை மூன்றாவது. உங்கள் மகளுக்குச் சொல்லப்பட்டது இரண்டாவது பிரிவைச் சேர்ந்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடோ, எந்த வகை என்பதைவிட எவ்வளவு தீவிரம் என்பதையே முதலில் கேட்கிறது. நேரில் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வகைக்குள் அடங்குவதில்லை என்பதால், எனக்கு இந்த அணுகுமுறையே பொருத்தமாகப் படுகிறது.

இதைக் கண்டறிய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. தைராய்டு போன்ற பரிசோதனைகள் வேறு காரணங்களை விலக்குவதற்கே. பலமுறை உட்கார்ந்து பேசி, வீட்டாரிடமும் கேட்டு, பல ஆண்டுப் போக்கைப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். பைபோலாரில் மிகை உற்சாகம் நாள் கணக்கில், வாரக் கணக்கில் நீடிக்கும். தூக்கம் குறைந்தும் களைப்பே தெரியாது. பார்டர்லைனில் மனநிலை சில மணி நேரத்தில் புரண்டுவிடும். அதற்கு முன்னால் பெரும்பாலும் ஓர் உறவுச் சிக்கல் இருக்கும். போன் எடுக்காத தோழியைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது இந்த இரண்டாவது சித்திரத்தோடு ஒத்துப்போகிறது. எனினும் இரண்டும் ஒருவருக்கே சேர்ந்தும் வரலாம் என்பதால், கடிதத்தை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பழைய மருந்துச் சீட்டுகள் அனைத்தையும் இப்போதைய மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரைகளை நீங்களாகவே நிறுத்த வேண்டாம்.

பார்டர்லைனுக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை எதுவும் அமெரிக்காவில்கூட இல்லை. உடன் வரும் மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்கு மருந்து உதவும். மற்றபடி பேச்சுவழிச் சிகிச்சைதான் பிரதானம். அவற்றுள் அதிகம் ஆராயப்பட்டது அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லைனஹன் உருவாக்கிய டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி (உணர்ச்சிகளை ஏற்றுக் கையாளப் பழக்கும் சிகிச்சை). இளம் வயதில் தானே மனநல மருத்துவமனையில் இருந்தவர் அவர்; 2011இல் அதை வெளிப்படையாகச் சொன்னார். இதில் வாரம் ஒருமுறை தனிச் சந்திப்பு, இன்னொரு நாள் குழுவாகப் பயிற்சி என ஏறத்தாழ ஓராண்டு செல்லும். கொந்தளிப்பு உச்சத்தில் இருக்கும்போது குளிர்ந்த நீரில் சில வினாடிகள் முகத்தை அமிழ்த்துவது அங்கே கற்றுத்தரும் உத்திகளில் ஒன்று. அது இதயத் துடிப்பைத் தணித்து, காயப்படுத்திக்கொள்ளும் வேகம் அடங்க அவகாசம் தருகிறது. இதய நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனையில் மேரி ஜனரினி குழுவினர் 290 பார்டர்லைன் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்ததில், பத்தாண்டுகளுக்குள் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு அறிகுறிகள் தணிந்தன; அந்தத் தணிவு குறைந்தது இரண்டு ஆண்டுகள் நீடித்தது. ஆனால் வேலையும் உறவுகளும் சேர்ந்து சீரானவர்கள் ஏறத்தாழ பாதிப் பேர்தான். ஆகவே நம்பிக்கைக்கு இடமுண்டு, அவசரத்துக்கு இடமில்லை.

வளர்ப்புச் சரியில்லையோ என்று உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். பிறப்பிலேயே அமையும் உணர்ச்சிக் கூர்மையும் வாழ்க்கை அனுபவங்களும் பின்னியே இது உருவாகிறது. செத்துப்போகிறேன் என்று அவள் சொன்னால் ‘நடிப்பு’ என்று ஒருபோதும் தள்ளிவிடாதீர்கள். தனியே விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மத்திய அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416, இரவு பகல் எந்நேரமும் இலவசம்.

கேள்வி: என் கணவர் ஒவ்வொரு பைசாவுக்கும் கணக்கு எழுதுவார். அலமாரியில் ஒரு டப்பா இடம் மாறினாலும் வீடே ரணகளம். இது ஓசிடியா (எண்ணச் சுழற்சி நோயா)?
- வாசகி, மதுரை

பதில்: ஓசிடி உள்ளவர்களில் பெரும்பாலோர் தங்களுக்குள் திரும்பத் திரும்ப வரும் எண்ணம் அர்த்தமற்றது என்று தெரிந்தே தவிப்பார்கள். உங்கள் கணவர் தாம் செய்வதே சரி, மற்றவர்கள்தான் ஒழுங்கில்லாதவர்கள் என்று நம்பினால், அது முந்தைய பதிலில் சொன்ன மூன்றாவது பிரிவில் வரும் ஒழுங்குப் பிடிவாத ஆளுமையாக இருக்கலாம். வெறும் சிக்கனமாகவும் இருக்கலாம். ‘உங்களுக்கு மனநோய்’ என்று தொடங்காமல், ‘இந்தச் சண்டைகளால் நமக்குத் தூக்கம் போகிறது, இருவரும் சேர்ந்து ஒருமுறை உளவியலாளரைப் பார்ப்போம்’ என்று கேட்டுப் பாருங்கள்.