காஸ்க் ஸ்ட்ரெங்த் விஸ்கியும் தண்ணீரும்

அன்புள்ள ஐயா,

மச்சான் ஊருக்கு வரும்போது கிளென்ஃபார்க்ளஸ் 105 விஸ்கி வாங்கி வந்தார். ஆல்கஹால் 60 சதவீதம் என்று போட்டிருந்தது. சிங்கிள் மால்ட்டில் (ஒரே ஆலையில் வடித்த மால்ட் விஸ்கி) தண்ணீர் விடுவது பாவம் என்று நண்பர்கள் சொன்னதால் ராவாகவே குடித்தேன். தொண்டை எரிந்து கண்ணில் நீர் வந்ததுதான் மிச்சம். எனக்கு ரசிக்கத் தெரியவில்லையா, இல்லை இதெல்லாம் வெறும் பந்தாவா?

குமரன்

அன்புள்ள குமரன்,

உங்கள் நாக்கில் ஒரு குறையும் இல்லை. தாராளமாகத் தண்ணீர் விடுங்கள். காஸ்க் ஸ்ட்ரெங்த், அதாவது ஏறக்குறைய பீப்பாயில் இருந்த வீரியத்திலேயே பாட்டிலில் அடைத்த விஸ்கி, வாங்குவதே அதை நம் கையால் விடுவதற்குத்தான்.

ஸ்காட்லாந்தில் புதிதாக வடித்த ஸ்பிரிட்டைப் பெரும்பாலும் 63.5 சதவீதத்தில் பீப்பாயில் அடைப்பார்கள். அந்த ஊர் ஈரக் குளிரில் வருஷா வருஷம் கொஞ்சம் ஆவியாகப் போகும், வீரியமும் மெல்ல இறங்கும். அப்புறம் பாட்டிலில் அடைக்கும்போது ஆலைக்காரர்களே தண்ணீர் சேர்த்து 40, 43, 46 என்று கொண்டுவருகிறார்கள். 40க்குக் கீழே போகச் சட்டம் விடாது. ஆக, உங்கள் நண்பர்கள் வழக்கமாக ராவாகக் குடிக்கும் மால்ட்டிலும் தண்ணீர் இருக்கிறது. அவர்களுக்கு முன்னால் வேறொருவர் விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

உங்களிடம் இருப்பது நல்ல சரக்கு. ஸ்காட்லாந்தின் ஸ்பேசைட் பகுதியில் கிராண்ட் குடும்பம் 1865இல் வாங்கிய ஆலை, இன்றும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. 105 என்பது மதுவின் வீரியத்தை அளக்கும் பழைய பிரிட்டிஷ் ப்ரூஃப் கணக்கு, இன்றைய 60 சதவீதம். ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயினின் பீப்பாயில் ஊறியது. இதை எரிச்சலோடு விழுங்கி வீணாக்கக் கூடாது என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

வாய் குறுகிய கிளாஸில் 30 மி.லி. ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். மூக்கை உள்ளே நுழைக்க வேண்டாம். நெடி ஏறினால் அப்புறம் எந்த மணமும் பிடிபடாது. வாயை லேசாகத் திறந்துகொண்டு விளிம்பில் முகருங்கள். முதல் வாய் ராவாகவே இருக்கட்டும், ஆனால் நாக்கு நனையும் அளவு போதும். இனிப்பும் காரமும் சேர்ந்து சுருக்கென்று ஏறும்.

இப்போது 5 மி.லி. ஸ்பூனால் ஒரு ஸ்பூன் தண்ணீர். கிளாஸை வெளிச்சத்தில் பிடித்தால் எண்ணெய் நெளிவதுபோல் கோடுகள் சுழல்வதைப் பார்க்கலாம். 60 இப்போது 51க்கு வந்துவிட்டது. உலர்திராட்சை வாசம் மேலே வரும். இரண்டாவது ஸ்பூனில் 45. எரிச்சல் அடங்கி ஆரஞ்சுத் தோல், கிராம்பு, கடைசியில் ஓக் மரத்தின் மெல்லிய துவர்ப்பு. மூன்றாவதில் 40; என் நாக்குக்கு அது கொஞ்சம் சப்பென்று ஆகிவிடுகிறது. தண்ணீர் அதிகமானால் லேசாகக் கலங்கலாம், பயப்பட வேண்டாம். கலங்காமல் இருக்க விஸ்கியைக் குளிரவைத்து வடிகட்டுவது உண்டு; இப்படிப்பட்ட பாட்டில்களுக்குப் பெரும்பாலும் அதைச் செய்வதில்லை.

இதில் அறிவியலும் உண்டு. புகைமணம் தரும் குவயகால் மூலக்கூறு, வீரியம் அதிகமான விஸ்கியில் ஆல்கஹாலுக்குள்ளேயே அமுங்கிக் கிடக்கும், தண்ணீர் சேர்ந்தால் மேற்பரப்புக்கு வரும் என்று 2017இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினி மாதிரியில் காட்டினார்கள். உங்கள் 105 புகையடிக்கும் ரகம் அல்ல என்பதால் அதை அப்படியே இதற்குப் பொருத்த மாட்டேன்.

ஐஸ் மட்டும் வேண்டாம், குளிரில் மணம் படுத்துவிடும். இன்னொன்று, இந்த 30 மி.லி.யில் 18 மி.லி. ஆல்கஹால், சாதாரண விஸ்கியில் 12தான். எவ்வளவு தண்ணீர் விட்டாலும் ஒன்றரை பெக் என்றே கணக்கு வையுங்கள்.

எந்த ஸ்பூனில் பிடித்துப்போகிறதோ அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டாவது.