ஆறடி மரமும் கீழ்வீடும்

கேள்வி: எங்களுக்கு மூன்று வயதில் மகள், ஒன்றேகால் வயதில் மகன். இந்தக் கிறிஸ்துமஸுக்குச் சவுக்குக் கிளைதான் வைக்க வேண்டும், அந்த வாசனை இல்லாமல் என்ன பண்டிகை என்கிறார் கணவர். அது உதிரும், எறும்பு வரும், வருஷா வருஷம் அலைச்சல். கீழ்வீட்டில் ஆறடி பிளாஸ்டிக் மரம் வாங்கிவிட்டார்கள். நானும் 4,500 ரூபாய்க்கு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். ஒரு தரம் வாங்கினால் ஆயுசுக்கும் ஆச்சு. பழைய இரண்டடி பிளாஸ்டிக் மரம் பரணில் கிடக்கிறது, கீழ்வீட்டு மரத்துக்கு முன்னால் அது எடுபடாது. பிள்ளைகளுக்கு எது நல்லது?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: உங்கள் கடிதத்தில் பிள்ளைகள் முதல் வரியில் வருகிறார்கள், பிறகு கடைசி வரியில் வருகிறார்கள். நடுவில் குடியிருப்பது கீழ்வீடு.

“ஆயுசுக்கும் ஆச்சு” என்பதை நம்பாதீர்கள். பரணில் கிடப்பதை வாங்கிய அன்றும் இதைத்தான் சொல்லியிருப்பீர்கள். பிரிட்டனில் கார்பன் டிரஸ்ட் என்ற அமைப்பு போட்ட கணக்குப்படி, இரண்டு மீட்டர் பிளாஸ்டிக் மரம் ஒன்றுக்குச் சுமார் 40 கிலோ, பூமியைச் சூடாக்கும் கரியமில வாயு கணக்கில் ஏறுகிறது. அதே உயர நிஜ மரத்தைப் பண்டிகை முடிந்து எரித்துவிட்டால் மூன்றரை கிலோ. பத்துப் பன்னிரண்டு கிறிஸ்துமஸுக்கு அந்த ஒரே மரத்தை வைத்தால்தான் இரண்டும் சரிக்குச் சரி. அப்போது உங்கள் மகளுக்குப் பதினைந்து வயது. அதுவரை கீழ்வீட்டுக்காரர்கள் ஏழடி வாங்காமல் இருக்க வேண்டும்!

ஆகவே என் ஓட்டு சவுக்குக்கு. வாசனைக்காக அல்ல, அது கணவரின் ஏக்கம். மூன்று வயதுப் பிள்ளைக்குச் சவுக்கில் வேறொரு விஷயம் இருக்கிறது. ஊசி இலை என்று நாம் நினைப்பது இலையே அல்ல, மெல்லிய பச்சைத் தண்டு. அதில் கணுக்கணுவாக இருக்கும். ஒவ்வொரு கணுவிலும் பல் பல்லாகச் சுற்றியிருக்கும் பொடிச் செதில்தான் இலை. ஒரு கணுவில் மெதுவாக இழுத்தால் கழன்று வரும். திரும்பச் செருகி, “எங்கே பிய்த்தேன், சொல்லு பார்ப்போம்” என்று நீட்டுங்கள். அரை மணி நேரம் வீடு அமைதியாக இருக்கும்.

உதிரத்தான் செய்யும். யார் கூட்டுவது என்று கணவரிடம் கேட்டீர்களா? கிளையைக் கேட்டவர் கையில் துடைப்பத்தையும் கொடுங்கள். கிளையை விற்பவர்களிடம் வாங்குங்கள். கடலோரத்தில் காற்றைத் தடுக்க வனத்துறை வளர்க்கும் தோப்பில் போய் ஒடிக்க வேண்டாம். 24ஆம் தேதி வைத்து, புத்தாண்டு ஆராதனை முடிந்த கையோடு எடுத்துவிடுங்கள். காய்ந்த சவுக்குச் சருகு அடுப்புப் பற்றவைக்க ஏற்ற சரக்கு. அதை மின்விளக்குக்குப் பக்கத்தில், அதுவும் பனி என்று சொல்லிப் பஞ்சைப் பரப்பி வைத்திருப்பது சரியல்ல.

நீங்கள் கேட்காததைத்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. மரம் நிஜமோ பிளாஸ்டிக்கோ, பிள்ளைகளுக்கு ஆபத்து அதில் தொங்குவதில் இருக்கிறது. மலிவான சீரியல் செட் பலவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. 230 வோல்ட் நேராக அந்த நூல் போன்ற வயருக்குள் போகிறது. பல் முளைக்கிற பையன் எதைக் கடிப்பான்? அடாப்டர் வைத்த, குறைந்த வோல்ட்டில் எரியும் செட்டாகப் பார்த்து வாங்குங்கள். அதைவிட மோசம் பட்டன் பேட்டரி. பாட்டுப் பாடும் சாண்டா, மினுக்கும் நட்சத்திரம், ரிமோட் என்று பலவற்றில் இருக்கிறது. விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் புண்ணாக்கிவிடும். “காலையில் மலத்தோடு வந்துவிடும்” என்று காத்திருக்கக் கூடாது, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. ஸ்க்ரூ போட்டு மூடாத பேட்டரி சாமான் எதுவும் இந்த வருஷம் வீட்டுக்குள் வர வேண்டாம். கண்ணாடி உருண்டைகளும் இரண்டு வருஷம் பரணில் இருக்கட்டும்.

இன்னொன்று, ஆறடி பிளாஸ்டிக் மரம் பார்க்கத்தான் பெரிசு, கனம் இல்லை. ஜரிகையைப் பிடித்து உங்கள் மகன் ஓர் இழுப்பு இழுத்தால் மூன்று கால் ஸ்டாண்டோடு அவன் மேல் சாயும். பெயின்ட் வாளியில் ஈர மணலை அடைத்து நட்ட சவுக்கு அவ்வளவு சுலபமாக அசையாது. வாளியின் வாயைத் துணியால் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மணல் அவன் வாய்க்குள் போகும்.

நர்சரியில் “கிறிஸ்துமஸ் மரம்” என்று தொட்டியில் விற்கும் அரோகேரியாவும் உண்டு. சண்டை முற்றினால் அது சமாதானத்துக்கு உதவும். தண்ணீர் ஊற்றுவது யார் என்று சண்டையின் அடுத்த பாகம் ஜனவரியில் தொடங்கும்.

பரணில் இருக்கும் இரண்டடி மரத்தை இறக்கி, ஈரத்துணியால் தூசி துடைத்து, மகளிடம் கொடுத்துவிடுங்கள். காகித நட்சத்திரம், துணிப் பூ, பழைய வாழ்த்து அட்டையில் வெட்டிய மணி என்று பத்துச் சாமான் போதும். பத்தையும் ஒரே கிளையில் தொங்கவிடுவாள். அவள் தூங்கின பிறகு சரிசெய்யப் போகாதீர்கள்.