ஊதா யாருடைய நிறம்?

கேள்வி: சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவரானதும் ரோமானியப் படையின் சிவப்புக் கொடி ஊதாவாக மாறியதாமே? தவக்காலத்துக்கு உரிய நிறம் என்பதால்தானே? (வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறீர்கள். தவக்காலத்துக்கு ஊதா என்று சபை வைத்துக்கொண்டது பல நூற்றாண்டுகள் கழித்து. ரோமில் ஊதா, சக்கரவர்த்தியின் நிறம். கடல் நத்தையிலிருந்து எடுத்த சாயம். 301-இல் டயோக்ளீஷியன் சக்கரவர்த்தி போட்ட விலைப்பட்டியலில் ஒரு ராத்தல் தங்கம் 72,000 தினாரி (ரோமானியக் காசு). இந்தச் சாயம் ஏற்றிய பட்டு ராத்தல் 1,50,000! கத்தரிப்பூ நிறத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். உசத்தி ரகம் உறைந்த ரத்தம் மாதிரி இருக்கும் என்கிறார் ரோமானிய எழுத்தாளர் பிளினி.

கான்ஸ்டன்டைனின் 'லபாரும்' கொடியை நேரில் பார்த்து எழுதியவர் அந்தக் காலத்து ஆயர் யூசிபியஸ். பொன் போர்த்திய ஈட்டி, குறுக்குக் கட்டை, உச்சியில் மணிகள் பதித்த பொன் வளையம். அதற்குள் கிறிஸ்து என்ற பெயரின் முதல் இரண்டு கிரேக்க எழுத்துகள். மதம் அந்த எழுத்துகளோடு சரி. தொங்கிய ஊதாத் துணியை ஒட்டி இருந்தவை சக்கரவர்த்தி படமும் அவர் பிள்ளைகள் படமும்.

இன்னும் நம்பிக்கை வரவில்லையா? 357-இல் அவர் மகன் இரண்டாம் கான்ஸ்டன்டியஸ் ரோம் நகருக்குள் ஊர்வலம் வந்தார். அவரும் கிறிஸ்தவர்தான். சுற்றிலும் ஊதா நூலில் நெய்த டிராகன்கள்! விமான நிலையத்தில் காற்றின் திசை காட்டத் தொங்குமே துணிக்குழாய், அதற்கு வாய் பிளந்த உலோகத் தலை வைத்ததுபோல. காற்று புகுந்தால் வால் நெளியும், சீறல் கேட்கும். டேசியர், சர்மேஷியர் போன்ற எதிரிகளிடமிருந்து எடுத்துக்கொண்ட சின்னம். பைபிளில் டிராகன் என்றால் சாத்தான். கொடியை மதம் தீர்மானித்திருந்தால் முதலில் சுருட்டி வைத்திருக்க வேண்டியது இதைத்தான்.

அதே ஆண்டு ஸ்ட்ராஸ்பர்க் போரில் ரோமானியக் குதிரைப்படை சிதறி ஓடியது. பாம்பு உரித்த சட்டைபோல் ஈட்டி முனையில் அலைந்த ஊதா டிராகனைக் கண்டு, வருவது படைத்தலைவர் யூலியன் என்று புரிந்து, ஓட்டத்தை நிறுத்தி நின்றார் ஓர் அதிகாரி. அந்த யூலியன்தான் பின்னாளில் கிறிஸ்தவத்தை உதறிப் பழைய தெய்வங்களிடம் போனவர்.

சிவப்புக்கு மட்டும் உங்களுக்குப் பாதி மார்க். எகிப்தில் கிடைத்து, மாஸ்கோ புஷ்கின் அருங்காட்சியகத்தில் இருக்கும் ரோமானியப் படைக்கொடி சிவப்புத்தான். உருண்டைமேல் நிற்கும் வெற்றித் தேவதை பொன்னிறம். அளவு ஏறக்குறைய அரை மீட்டர் சதுரம். சினிமாவில் காட்டுகிற போர்வையை அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.